ஒரு தலை, இரண்டு உடுப்பு

1

இந்தக் கதைக்குக் காரணம் ஒரு சலூன். போன மாதம் முடிவெட்டப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு சுருட்டை முடிக்காரர், தன் முடிக்குத் தொளதொள டி-சர்ட் பொருந்துமா, கட்டம் போட்ட சட்டை பொருந்துமா என்று கடைக்காரரைக் குடைந்துகொண்டிருந்தார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பொறாமை. என் தலையில் பொருத்திப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இன்றைக்கு முடிக்கு ஏற்ற உடுப்பைக் கடையில் வாங்கிவிடலாம். அதில் கதை கிடையாது. அதனால் 1979-க்குப் போகிறேன். வில்லியனூருக்கு மேற்கே, மாதா கோவிலும் கரும்புக் கொல்லையுமாக ஒரு பங்குக் கிராமம். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "எங்க ஊர்ல அப்படி எவனும் இல்லியே" என்று சண்டைக்கு வருவார்கள்.

முதல் வாக்கியம்: "கடல் அலையைப் போல அவன் கேசம்—"

வேண்டாம். அந்த ஊரிலிருந்து கடல் தெரியாது.

"விதி அவன் தலையில் சுருள் சுருளாக எழுதிய—"

இதுவும் வேண்டாம். நேராகவே சொல்கிறேன், எனக்கு அது நன்றாக வரும்.

2

அல்போன்சுக்கு வயது இருபத்திரண்டு. புதுச்சேரியில் பஞ்சாலை வேலை. பிறவிச் சுருட்டை. பள்ளிக்கூடத்தில் குருவிக்கூடு என்று கூப்பிட்டார்கள். தினமும் எண்ணெயை வழிய வழிய ஊற்றி அந்தக் கூட்டைப் படியவைப்பதே பெரும்பாடாக இருந்தது. திடீரென்று காலம் அவன் பக்கம் திரும்பியது. நேர்முடிக்காரர்கள் எல்லாரும் காதை மறைத்து முடி வளர்த்து, அதைச் சுருட்ட என்னென்னவோ கூத்தடித்தார்கள். அல்போன்ஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை சீயக்காய் போட்டு எண்ணெயைக் கழுவினான். அவ்வளவுதான். தலை, குடை விரித்த மாதிரி எழுந்து நின்றது.

ஆனால் கீழே வேட்டி. கண்ணாடியில் பார்த்தால் யாரோ இரண்டு பேரை வெட்டி ஒட்டியதுபோல் இருந்தது. வில்லியனூர் கடைத்தெருவில் டெய்லர் தாமசிடம் போனான்.

"மேல இவ்ளோ அகலம் வச்சிக்கினு கீழ ஒல்லியா போட்டன்னா, காத்தடிச்சா கவுந்துடுவ பா," என்றார் தாமஸ். "பெல்பாட்டம் போட்டாத்தான் நிப்ப. சட்டைக்குக் காலரு தோள்பட்டை வரைக்கும். பூ போட்ட துணி. நான் பாத்துக்கறேன், போ."*

காப்பிக்கொட்டை நிறத்தில் பெல்பாட்டம், மஞ்சளில் பூப்போட்ட சட்டை. அதைப் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்ற காலையில், எலிசா அங்கே இருந்தாள். அதே ஊர்ப் பெண். வில்லியனூரில் டைப் கற்றுக்கொண்டிருந்தாள். பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நல்லாத்தான் கீது. பேன்ட்ட வச்சி ரோட்டையே பெருக்கலாம்."

அல்போன்சுக்கு நிலை கொள்ளவில்லை. எத்தனையோ வருடமாக அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தவன் அவன். எலிசாவின் அம்மா அன்னாமேரியும் அன்றைக்கு அவனை விடவில்லை.

"இன்னாடா அல்போன்சு, தலைல இன்னாடா அது? எண்ணெ வாங்கக் காசு இல்லியா?"

இந்த "டா"வை மறந்துவிடாதீர்கள். கதை முழுக்க அதில்தான் நிற்கிறது.

(* தாமஸ் இனி இந்தக் கதையில் வரமாட்டார். அவர் தைத்த பேன்ட் வரும்.)

3

இங்கே எனக்கு ஒரு தகராறு. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் தொடங்கும் முன், கோவில் உபதேசியார் அமிர்தசாமி அவனைத் தேடி வருகிறார். ஊரில் பெரிய வெள்ளியன்று சாயங்காலம் பாஸ்கா போடுவார்கள். இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகம். நடத்துகிறவர் அவர்தான். போன வருடம் இயேசு வேடக்காரரின் சணல் டோப்பா முள்முடியோடு சேர்ந்து கழன்று விழுந்து, சனங்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"ஆண்டவரு உன் தலைல முடியக் குடுத்ததே இதுக்குத்தான் அல்போன்சு," என்றார் அமிர்தசாமி.

பெல்பாட்டத்தோடு பொருந்திய முடியை அவன் இயேசு வேடத்தின் அங்கிக்குக் கொடுப்பானா? "பக்தியின் மிகுதியால் அவன் உடனே—" என்று எழுதி அடித்துவிட்டேன். என் அல்போன்ஸ் அப்படிப்பட்டவன் இல்லை. பூசையில் பாதி நேரம் பெண்கள் பக்கம்தான் பார்ப்பான். பிறகு விடை கிடைத்தது: இயேசுவின் முகத்தைத் துணியால் துடைக்கிற வெரோணிக்காளாக நடிப்பது எலிசா. அதைக் கேட்டதும் அல்போன்ஸ் சரி என்றான். மாமிசம் கூடாது, பீடி கூடாது என்றார்கள். அதற்கும் சரி என்றான். பேன்ட் கூடாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

3 (மறுபடியும், ஏனென்றால் மேலே அவசரப்பட்டுவிட்டேன்)

அங்கி போட்டுப் பார்த்த நாளிலேயே ஊர் மாறிவிட்டது. வெள்ளை அங்கியின் மேல் அந்த முடி அப்படிப் பொருந்தியது. பெல்பாட்டத்துக்கு எவ்வளவு பொருந்தியதோ அதைவிட ஒரு பிடி அதிகமாகவே பொருந்தியது. அவன் சைக்கிளில் போனால் பேச்சு நின்றது. டீக்கடையில் சினிமாப் பாட்டைக் குறைத்தார்கள். எதிரில் வந்த கிழவர் துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொண்டார். அல்போன்சுக்கு முதல் வாரம் இது பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பிறகு ஒரு நாள் டவுன் பஸ்சில் அன்னாமேரி எழுந்து நின்றாள்.

"நீங்க உக்காருங்க," என்றாள்.

நீங்க. உக்காருங்க. அரைஞாண் கயிறோடு திரிந்த காலத்திலிருந்து அவனை "டா" போட்ட வாய். அல்போன்ஸ் உட்காராமலே அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டான்.

எலிசாவிடம் கேட்டே விட்டான். பாகூரிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள், ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை. அதற்கு முன் அவன் வந்து பெண் கேட்டால்?

"அம்மாவ கேட்டுட்டேன்," என்றாள் எலிசா. "சேசு வேசம் கட்னவங்களுக்குப் போயி பொண்ணு குடுக்கறதாடி, பாவம்டின்னு கன்னத்துல போட்டுக்குது எங்கம்மா."

"நீ இன்னா சொல்ற?"

அவள் அவனைப் பார்த்தாள், கீழே பார்த்தாள். "எனக்கும் இப்ப உன்னப் பாத்தா கும்புடத்தான் தோணுது. நான் இன்னா பண்ணட்டும்?"

அல்போன்ஸ் அழுதான் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. கரும்புக் கொல்லைக்குள் போய் அழுதான்.

4

பெரிய வெள்ளி. சாயங்கால வெயில். அங்கிக்குள் அல்போன்ஸ் பெல்பாட்டத்தைப் போட்டுக்கொண்டான்.

ஏன்? என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன, மூன்றும் கெட்டிக்காரத்தனமாக இருந்ததால் தூக்கிப் போட்டேன். உள்ளே இருப்பது யார் என்று தனக்காவது தெரிந்திருக்கட்டும் என்று நினைத்தான். அவ்வளவுதான். நுனியைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிக் கயிறு கட்டினான்.

முதல் தடவை சிலுவையோடு விழுந்தபோது கயிறு அவிழ்ந்தது. அங்கி முட்டி வரை ஏறியது. காப்பிக்கொட்டை நிறத்தில் பேன்ட்டின் அகலக் கால் மண்ணில் விசிறியாக விரிந்தது. அல்போன்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். இன்னும் ஒரு மூச்சு, ஊரே சிரிக்கப் போகிறது. அமிர்தசாமி இந்த வருடமும் தலைகுனிந்து நிற்பார். எலிசா அவனைத் திரும்பியும் பார்க்கமாட்டாள்.

வெள்ளைத்துணியோடு வந்த வெரோணிக்காள் முகத்துக்கு வரவில்லை. நேராகக் காலடியில் மண்டியிட்டாள். முந்தானையைச் சனங்களுக்கு மறைப்பாக விரித்து, அங்கியை வெடுக்கென்று கீழே இழுத்துவிட்டாள். அப்புறம்தான் முகத்துக்கு வந்தாள்.

"பேன்ட்டா போட்டுக்கினு வந்துகீற? லூசு!" என்று கிசுகிசுத்தாள்.

தவக்காலம் முழுக்க ஒருவரும் அவனை லூசு என்று கூப்பிடவில்லை. அல்போன்சுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கியதில் தோள் குலுங்கியது, கண்ணில் நீர் கொட்டியது. அதைப் பார்த்து முன்வரிசைப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள்.

எலிசா துடைத்துக்கொண்டே இருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. "திங்கக்கெழம காலைல வூட்டுக்கு வா. இதே முடி, இதே பேன்ட்டு, அந்தப் பூப்போட்ட சட்ட. எங்கம்மா பாக்கட்டும்."

"தொடச்சது போதும்மா!" என்று ஓரத்திலிருந்து அமிர்தசாமி பல்லைக் கடித்தார்.

6

(ஐந்தாம் பகுதியில் வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மொட்டை அடித்துக்கொண்டு போகிறான்: எலிசா சொன்னது அது இல்லை. வேட்டி கட்டிக்கொண்டு போகிறான்: இன்னும் கும்பிடுவார்கள். இரண்டு பேரும் மடுகரை வழியாக பஸ் ஏறி ஓடிவிடுகிறார்கள்: ஓடுகிற அளவுக்கு அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? ஐந்தைக் கிழித்துவிட்டேன்.)

திங்கட்கிழமை காலை. பாகூர்க்காரர்கள் இன்னும் வரவில்லை. அல்போன்ஸ் சீயக்காய் போட்டுத் தலை குளித்து, பூப்போட்ட சட்டையும் பெல்பாட்டமுமாகத் தெருவைப் பெருக்கிக்கொண்டே வந்து, அன்னாமேரி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டான். உள்ளே எலிசா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அன்னாமேரியின் மெட்டிச் சத்தம் கதவை நோக்கி வருகிறது.

அவள் கைகூப்பி "வாங்க" என்றால் எல்லாம் முடிந்தது. "இன்னாடா இது கோலம்?" என்று கத்தினால் அவன் பிழைத்தான். திட்ட முடிந்த பையனுக்குத்தானே பெண் கொடுக்க முடியும்.

இரண்டையும் என்னால் எழுத முடியும், இரண்டும் நன்றாகவே வரும். எழுத மாட்டேன். பஸ் நிறுத்தத்திலிருந்து இவ்வளவு தூரம் அவனோடு வந்தவர் நீங்கள். தாழ்ப்பாள் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. கதவைத் திறங்கள். அந்தத் தலையை நன்றாகப் பாருங்கள், அப்படியே கீழே கால் வரை பாருங்கள். கை இரண்டும் கும்பிடத் தானாக மேலே எழும்பும், விடாமல் இடுப்பில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

இப்போது வாயைத் திறந்து அவனைத் திட்டுங்கள்.