எழுதி அழித்த ஒன்பது பேர்

செவிலியர் வகுப்பில் எல்லோரும் கைபேசியிலிருந்தே சேர்ந்து குறிப்பெழுத, பயிற்சி நடத்துபவள் இரண்டு இணையப் பலகைகளைப் பொறுக்கி வைத்திருந்தாள். ஒன்றில் எழுதுபவர் பெயர் தெரியும், மற்றதில் தெரியாது.

“பேர் தெரிஞ்சாதாம்மா பொறுப்பா எழுதுவாங்க” என்று தலைமைச் செவிலியர் ஒற்றைக்காலில் நின்றார். பெயர் தெரியும் பலகையையே முதலில் வெள்ளோட்டம் விட்டாள்.

மருந்தேற்றும் புதுக் கருவியை விளக்கி முடித்து, “புரிஞ்சுதா? சந்தேகம் இருந்தா எழுதுங்க” என்றாள். முன்வரிசையில் இருந்த தலைமைச் செவிலியர் உட்பட எல்லாத் தலைகளும் பூம்பூம் மாடாக ஆடின. பலகை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

வகுப்பு கலைந்ததும் பலகையின் பழைய பதிவைத் திறந்தாள். அழித்ததையும் அது காட்டிக்கொடுத்தது. “புரியல, இன்னொரு தடவை சொல்லுங்க” என்று ஒன்பது பேர் எழுதி, எழுதிய சூட்டோடு அழித்திருந்தார்கள்.

அதை யாருக்கும் காட்டாமல், பெயர் தெரியாத பலகையையே தேர்ந்தெடுத்தாள். ஒன்பதில் முதல் பெயர் தலைமைச் செவிலியருடையது.