வளைவில் ஒரு நாய்

ஆடைத் தொழிற்சாலையின் இஸ்திரி மேசையில் விரித்த சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. காலரின் உட்புறத்தில், சோதித்தாயிற்று என்பதற்கு அடையாளமாகப் பதினான்காம் எண் ஒட்டுச்சீட்டு இருந்தது. பதினான்கு என்பது லீனா, இஸ்திரி போடும் சின்னப்பாவின் மனைவி. அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அச்சட்டையை மேசைக்கு அடியில் தள்ளினான். அன்று அது நான்காவது. உணவு இடைவேளையில் பொத்தான் தைப்பவரிடம் கெஞ்சிச் சரிசெய்து, ஒருவரும் அறியாமல் மற்றவற்றோடு சேர்த்துவிடுவது அவனுடைய அண்மைக்கால வழக்கம்.

மூன்று மாதங்களுக்கு முன் வீடு திரும்பும் வழியில், ஜோகுபாளையத்து வளைவில் அவன் ஓட்டிய ஸ்கூட்டர் சரிந்து, பின்னிருக்கையிலிருந்த லீனாவின் தலை ஓரக்கல்லில் மோதியது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை, லேசான அடிதான் என்றார்கள். ஆயினும் எதிரே பல பொருள்கள் ஒருசேர அசைந்தால் அவள் தடுமாறினாள். கண்ணில் குறையில்லை, கண்டதைப் பிடித்து நிறுத்தும் கவனமே களைத்துவிடுகிறது, தேற நாளாகும் என்று மருத்துவர் விளக்கினார். விழுந்தது எப்படி என்றும் கேட்டார். அந்த நிமிடம் லீனாவின் நினைவில் இல்லை.

"நாய் குறுக்க வந்துச்சு டாக்டர்," என்றான் சின்னப்பா.

நாய் எதுவும் வரவில்லை. அவன் கைபேசியில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னா சின்னப்பா, மேசைக்கடியில தனியா கடை போட்டிருக்கியா?" மேற்பார்வையாளர் கோமளம் குனிந்து நான்கு சட்டைகளையும் வெளியே இழுத்தாள். எண்ணைக் கண்டதும் அவள் குரல் தணிந்தது. "அவ கண்ணுக்கு நூல் பிசிறு கூட தப்பாதேப்பா."

சோதனை மேசையிலிருந்து லீனா தானே எழுந்து வந்தாள். ஒரு சட்டையை வாங்கிப் பொத்தான் வரிசையில் விரலை ஓட்டினாள். விரல் வெற்றிடத்தில் நின்றது.

"பாத்தேங்க்கா. நெஜமாவே பாத்தேன்."

"பர்வாகில்லா, போகட்டும் விடு. நாளையிலேர்ந்து பேக்கிங்ல இரு. எல்லாம் அந்தப் பாழாப்போன நாயால."

"அது என்னாக்கா பண்ணும், வாயில்லா ஜீவன்," என்றவாறு லீனா தன் ஒட்டுச்சீட்டுச் சுருளைக் கோமளத்திடம் நீட்டினாள். பதினொரு ஆண்டுகள் அவள் கையில் இருந்த எண். சின்னப்பா இஸ்திரிப் பெட்டியை மட்டும் நிமிர்த்தி வைத்தான்.

வீட்டை அடைவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மாலையில் உறுதிகொண்டு வண்டியைக் கிளப்பினான். ஓடும் வாகனங்கள் தலையைச் சுற்றவைப்பதால் லீனா வழிநெடுகக் கண்களை மூடிக்கொண்டு அவன் முதுகில் சாய்ந்தே வந்தாள். வளைவு நெருங்கியதும் அவள் நிமிர்வதை உணர்ந்தான். அவள் கை அவன் தோளை இறுகப் பற்றியது.

"நான் பாத்துக்கறேங்க. நாய் எதுவும் இல்ல, நீங்க மெதுவா திருப்புங்க."

பக்கக் கண்ணாடியில் அவள் கண்கள் தெரிந்தன. நீர் வழிய, இமைக்காமல், வெறுமையான நடைபாதையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அவை துழாவிக்கொண்டிருந்தன.