கருப்பெண்ணெய்

மெக்கானிக் எவலின், இஞ்சினைப் பழுதுபார்த்துக் கொடுத்த மூன்றாம் நாளே என் கார் பின்னால் நீலமாகப் புகைந்தது. ஈஜோக்கிலுள்ள அவள் பட்டறைக்குள் நுழைந்ததும், அங்கே காத்திருந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

"என்னம்மா வேலை செஞ்சிருக்க? இது காரா, கொசுப்புகை அடிக்கிற வண்டியா?"

அவள் காரின் பின்னால் போனாள். புகைக்குழாய் அருகே குந்தி, ஒரு வெள்ளைத் துணியை நீட்டிப் பிடித்தாள். துணி பிசுபிசுத்தது.

"புகையுறது தண்ணி இல்ல, எண்ணெய்தான்" என்றவள், இஞ்சின் எண்ணெயின் அளவுகோலை உருவினாள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி நின்றது.

"நீங்க ஏதும் ஊத்துனீங்களாண்ணே?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

ஊற்றியிருந்தேன். முந்தின நாள் காலையில் அதே கோலை உருவிப் பார்த்தபோது கருப்பாக எதுவும் ஒட்டவில்லை. எண்ணெய் ஊற்றவே மறந்துவிட்டாள் என்று திட்டிக்கொண்டே ஒரு லிட்டரைக் கவிழ்த்திருந்தேன். அதை அவளிடம் மெல்லச் சொன்னேன்.

"புதுசு தேன் நிறத்துலதான் இருக்கும்ணே. நாமதான் இஞ்சின் எண்ணெயக் கருப்பெண்ணெய்னு சொல்லிப் பழகிட்டோம்."

மிகுந்ததை வடித்துவிட்டு, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டாள். புகை மெல்ல அடங்கியது.

"என்னவாம்?" என்றார் காத்திருந்தவர்களில் ஒருவர்.

"எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சுலா" என்றாள் எவலின். யார் ஊற்றியது என்று சொல்லவில்லை.

வந்ததும் கத்தினேனே, அதே குரலில் சொன்னேன்.

"ஊத்துனது நான்தான்."