ப்ரியாவின் ஓட்டமும் பகவதியம்மாளின் போனும்

"வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு ஓடுவியாட்டி? நீ என்ன குதிரையா?"

"குதிரையும் பிள்ளை பெறத்தான் செய்யுது, அத்தே."

"ஏலே ஹரி, ஒனக்க பெண்டாட்டிக்க வாயப் பாத்தியா?"

முதல் பிள்ளை உண்டானால் மூன்று மாதம் முடியுமட்டும் வெளியே மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பகவதியம்மாள் மூச்சு விடவில்லை, கத்தத்தான் செய்தாள். எதிர்வீட்டில் மிக்ஸி நின்றது. பக்கத்து வீட்டில் தோசை கருகியது. உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர் ஆறுமுகப்பெருமாள், "சத்தத்தக் கொற, தெரு முழுக்க கேக்கும்" என்று சொன்னதும் தெரு முழுக்கக் கேட்டது.

உண்மையைச் சொன்னால் தெருக்காரர்களான எங்களுக்கு முன்னமே ஒரு சந்தேகம். மூத்த மருமகள் கிருஷ்ணப்ரியா தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கல்லூரி நாளில் ஓடி வாங்கிய கோப்பைகள் அந்த வீட்டு ஷோகேஸில் மாமியாரின் பீங்கான் கிளிகளுக்குப் பின்னால் நிற்கின்றன. விடிந்ததும் பாசன வாய்க்காலான சானலின் கரையில் ஓடுவாள். அப்படி ஓடுகிறவள் திடீரென்று மெதுவாக ஓடினால், ஒன்று கால் சுளுக்கியிருக்க வேண்டும், இல்லை மசக்கையாக இருக்க வேண்டும். அவள் நொண்டவில்லை என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம்.

நாகர்கோவில் டாக்டரம்மா ஓடலாம் என்றுதான் சொல்லியிருந்தாள். பழகின உடம்பு, சிக்கல் ஒன்றும் இல்லை. போட்டிக்கு ஓடுகிற மாதிரி வேண்டாம். வெயில் ஏறுமுன் வீடு வந்துவிட வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ரத்தம் பட்டாலோ, தலை சுற்றினாலோ, வயிறு வலித்தாலோ அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். "வாட்சு காட்டுற நம்பரை மட்டும் நம்பாதம்மா. ஓடிக்கிட்டே பேச முடியுதான்னு பாரு. பேச்சு முட்டுனா வேகத்தைக் குறை."

ஹரிகுமார் பேங்க்காரன். நம்பர் இல்லாத பேச்சு அவன் காதில் ஏறாது. மனைவியின் வாட்ச்சை அம்மாவின் போனோடு இணைத்து, நெஞ்சுத் துடிப்பு நூற்று நாற்பதைத் தாண்டினால் அதில் மணி அடிக்கும்படி வைத்தான். இரு தரப்புக்கும் நியாயம் செய்துவிட்டதாக நினைப்பு.

"மணி அடிச்சா அன்னைக்கோட ஓட்டம் முடிஞ்சுது," என்றாள் பகவதியம்மாள். "பள்ளிக்கூடமும் வேண்டாம். பேறு முடியுமட்டும் வாசல் நடையத் தாண்டப்படாது. சம்மதமா?"

ப்ரியா கொஞ்சநேரம் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான்.

"சம்மதம்."

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. மருமகள் படியிறங்கியதும் மாமியார் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முற்றத்தில் நடப்பாள். எண் ஏறினால் இவளுக்கும் மூச்சு வாங்கும். உடனே கூப்பிடுவாள்: "ஏட்டி, நூத்தி முப்பது! மெதுவா போ!" ஓடிக்கொண்டே ப்ரியா, "மெதுவாத்தான் போறேன், அத்தே. காப்பிய அடுப்புல வச்சிட்டு மறந்திராதீங்க" என்பாள். பேச முடிகிறதா என்று டாக்டரம்மா பார்க்கச் சொன்ன சோதனை மாமியார் புண்ணியத்தில் தினமும் நடந்தது.

நாத்தனார் தன்யாவைப் பெண் பார்க்கத் தக்கலையிலிருந்து வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மோட்டாரின் காயில் புகைந்துவிட்டது. பகவதியம்மாள் பட்டுடுத்தி அம்மன் கோவிலுக்கு அர்ச்சனைக்குக் கிளம்பும்போது, "ப்ரியா, வாறவியளுக்குக் கை கால் கழுவணும். கெணத்துல வெள்ளம் கோரி தொட்டிய நிறைச்சு வையி" என்று சொல்லிவிட்டுப் போனாள். தன்யா முகத்துக்கு மஞ்சள் பூசியிருந்தாள். ஹரி கண்ணாடி முன்னால் நின்றான்.

பூசாரி தீபாராதனை காட்டும்போது பகவதியம்மாளின் இடுப்பில் செருகியிருந்த போனில் மணி அடித்தது.

"பாத்தியளா! நான் இல்லாத நேரம் பாத்து ஓடிட்டா!"

அர்ச்சனைத் தட்டோடு பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சானல் கரைக்கு ஓடினாள். ஓடினாள் என்றால் ஓட்டம்தான். அந்த உடம்புக்குள் இத்தனை வேகம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. என்ன ஆகுமோ என்று நாங்களும் பின்னால் போனோம். கரையில் தாணு எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"ப்ரியாவா? இன்னைக்கு வரல்லியே, அத்தே. நீங்களா ஓடுதிய?"

வீட்டுப் புறவாசலுக்கு எல்லோருமாக வந்தோம். கிணற்றடியில் ப்ரியா கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். ஜாக்கெட் நனைந்து ஒட்டியிருந்தது. பேச வாய் திறந்தாள், மூச்சுதான் வந்தது. வாளியைக் கீழே வைத்து, படியில் உட்கார்ந்து, மூச்சு அடங்குமட்டும் இருந்தாள்.

"மணி அடிச்சிட்டுல்லா, அத்தே. நிறுத்தணும்னு பேச்சு. எதை நிறுத்தட்டும்?"

பகவதியம்மாள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தோம்.

"வெள்ளம் கோருதது வீட்டு வேலையாக்கும். நாங்க எல்லாம் கோரித்தான் பெத்தோம். அதுல நெஞ்சு அடிக்காது. அந்த வாட்சு கெட்டுப்போச்சு."

"ஓடும்போ கெடல்லியே, அத்தே."

அவ்வளவுதான் சொன்னாள். கயிற்றை எடுத்து, பவுடர் போட்டுப் புறவாசலுக்கு வந்து நின்ற புருஷனின் கையில் கொடுத்தாள். "தொட்டி பாதிதான் நிறைஞ்சிருக்கு, அத்தான்." அவன் அம்மாவைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், வேறு வழியில்லாமல் சட்டைக் கையை மடக்கினான். தக்கலைக்காரர்கள் காரைவிட்டு இறங்கியபோது பேங்க் ஆபீசர் வெள்ளம் கோரிக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையின் அம்மா மூக்கில் விரல் வைத்தாள். பெண் நல்ல நிறமாக இருந்ததால் விரலை எடுத்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் ப்ரியா சானல் கரைக்குப் போனாள். கூடவே ஹரியையும் கூட்டிப் போனாள். நாங்கள் வாசல் தெளிக்கிற சாக்கில் பார்த்தோம். டவுனில் வாடகை வீடு பார்க்க வேண்டும், ஐந்தாம் மாதத்துக்குள் குடி போக வேண்டும் என்று அவள் பேசிக்கொண்டே ஓடினாள். அவனுக்குத்தான் பதில் சொல்ல மூச்சில்லை.

சொன்னபடியே நாகர்கோவிலுக்குக் குடிபோனார்கள். பெண் குழந்தை, சுகப்பிரசவம். "எல்லாம் அம்மன் காத்தது" என்று பகவதியம்மாள் சொல்லிக்கொண்டாள்.

தன்யாவைத் தக்கலைக்கே கட்டிக் கொடுத்தார்கள். அவள் உண்டாகியிருந்தபோது, அந்த வீட்டு மாமியார் அரிசிமூட்டையை நகர்த்தச் சொன்னாள் என்று சேதி வந்தது. பகவதியம்மாள் டாக்சி பிடித்துப் போய், "பிள்ளைத்தாச்சியக் கொல்லவா பாக்கிய?" என்று அந்தத் தெருவையே கூட்டி, மகளைக் கையோடு கொண்டுவந்துவிட்டாள். மாடியறையில் கட்டில், மெத்தை. காலைத் தரையில் வைக்க விடவில்லை.

இளைய மகன் சுதனுக்கும் அதற்குள் கல்யாணம் முடிந்திருந்தது. மாடிக்கு வெந்நீரும் கஞ்சியும் நாளெல்லாம் சுமந்து ஏறினவள் அவன் மனைவி ரெம்யா. அவளுக்கும் அப்போது இரண்டாம் மாதம்.