பெருவிரல் கயிறு

காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண்வீட்டோடு வந்துவிடுவார். மாப்பிள்ளையிடம் எங்கள் வீட்டில் ஒரு குறையும் காண மாட்டார்கள், குறட்டை உட்பட. என் மாப்பிள்ளை முஹ்யித்தீன் தூங்கினால் தெருவில் போகிற ஆட்டோக்காரன் திரும்பிப் பார்ப்பான். உம்மாவோ, "மாப்புள அசந்து தூங்குறாஹ" என்று பெருமையாகச் சொல்லி ஃபேனைக் கூட்டி வைப்பாள். சத்தம் திடீரென்று நின்றால் எல்லாருக்கும் நிம்மதி. நானும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தேன், மடச்சி.

சவூதியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவு. அங்கே பல் வைத்தியம் யானை விலை என்பதால் எல்லாரும் ஊருக்கு வந்துதான் பல்லைச் சரிசெய்வார்கள். இந்த முறை இவர் வாயைத் திறந்து காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடைவாய்ப் பல்லெல்லாம் தேய்ந்து மொழுக்கென்று கிடந்தது. போன லீவில் பல்லுக்குப் போட்ட கேப் இரண்டாக உடைந்திருந்தது. முப்பத்தெட்டு வயதுக்காரர் வாயா இது? போதாததற்குக் கால் பெருவிரலைச் சுற்றிக் கறுப்பாக ஒரு தழும்பு. கேட்டால், "ஷூ கடிச்சது புள்ள" என்றார். எந்த ஷூ வட்டமாகக் கடிக்கும்? அதைக் கேட்காமல் விட்டேனே, என்னைச் சொல்லணும்.

தூத்துக்குடியில் டாக்டர் சந்தனச்செல்வியிடம் போனோம். பல்லைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கோரமெல்லாம் பல் பதிந்த தடம்.

"காலையில எந்திரிக்கும்போது வாய் வறண்டு கெடக்குமா? தலை வலிக்குமா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர்."

"குறட்டை?"

"இல்ல."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதா? தொண்டை அடைச்சா உடம்பு மூச்சுக்குத் தவிச்சுத் தாடையை இறுக்கும். பல பேருக்கு அப்படித்தான் பல்லு தேயுது. வாயால மூச்சு விட்டா எச்சில் காஞ்சு ஈறோரம் சொத்தை விழும். இவருக்கு ரெண்டும் இருக்கு."

மாப்பிள்ளை மல்லாந்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார். "நல்லாத் தூங்குவாங்க டாக்டர்" என்றேன். தெருவில் வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். அன்றைக்கு மட்டும் நல்ல பெண்டாட்டியாகிவிட்டேன்.

"சரி, கேப் போட்டுரலாம்" என்றார் டாக்டர். "காரணத்தைப் பாக்காம விட்டா இதுவும் உடையும். பல்லோட போனாத் தேவலை. லாரி ஓட்டுறவரு, ராத்தூக்கம் கெட்டு ஸ்டியரிங்ல கண்ணு சொருகிட்டா?"

பஸ்ஸில் நான் மெல்லக் கேட்டேன், ஒரு டெஸ்ட் எடுத்தால் என்ன என்று.

"மெடிக்கல் ரிப்போர்ட்டுல இது ஏறிச்சுன்னா ஸ்டியரிங்கத் தொட விடமாட்டான் புள்ள. பெறவு இங்க வந்து என்ன செய்ய? உன் வாப்பா வீட்டுச் சோத்த உக்காந்து திங்கவா?"



வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பிரியாணி சாப்பிட்டு, இவர் உள்ளறையில் படுத்தார். அப்போதுதான் ஹென்றி வந்தான். தூத்துக்குடிக்காரன். சவூதியில் இவருடைய அறையில் மேல்கட்டிலில் படுப்பவன். வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டானாம். முன்னறையில் உட்கார வைத்து டீ ஊற்றினேன். உள்ளே குறட்டை இழுத்துக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. நான் பிஸ்கட்டை எடுத்து வைத்தேன். ஹென்றி டீயைத் தொடவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன, ஜெபமா செய்கிறான் என்று பார்த்தால், திடுதிப்பென்று எழுந்து உள்ளறைக்குள் ஓடினான்.

"யா அல்லாஹ்! தம்பி, பொம்பளைங்க பொழங்குற எடம்!" என்று உம்மா கத்தினாள்.

அவன் காதில் வாங்கவில்லை. மாப்பிள்ளையின் கால் பெருவிரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தான். இவர் ஹக்கென்று மூச்சை வாங்கி எழுந்து உட்கார்ந்தார்.

ஹென்றிக்கு முகம் சுண்டிவிட்டது. "மன்னிச்சிருங்கக்கா. கை பழகிப்போச்சு."

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது.

"ரெண்டு வருஷமா பாய் பெருவிரல்ல ஒரு கயித்தக் கட்டி, மறுமுனைய என் கையில வச்சிருப்பேன். மூச்சு நின்னா எண்ணுவேன். இருவது வந்தா இழுத்துருவேன். ஒரு தடவ நானே அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா சத்தமில்ல. இழுக்கேன், எந்திரிக்கல. எண்ணுதேன், நாப்பது ஆயிட்டு. உதடெல்லாம் நீலம். கீழ குதிச்சு உலுக்குன பெறவுதான் மூச்சு வந்துச்சு. எங்க ஐயா சங்கு குளிக்கப் போனவரு. மேல தோணியில கயிறு பிடிக்கவன் கண்ணசரக் கூடாதும்பாரு. நானும் மனுசன் தானக்கா, முழுத்தூக்கம் தூங்கியே ரெண்டு வருஷமாச்சு. மத்தவனெல்லாம் சத்தம் தாங்காம ரூம் மாறிட்டான். இனி இழுக்க ஆளில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. பதினோரு வருடம் பெண்டாட்டி நான். என் மாப்பிள்ளையின் உயிர் யாரோ ஒருவர் பெற்ற பிள்ளையின் கையில் கிடந்திருக்கிறது. நான் இங்கே பிஸ்கட் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவன் போனதும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "தெரிஞ்சுக்கிட்டே பொறப்படுறீங்களா?"

"வியாழக்கிழமை ஃபிளைட். அல்லாஹ் பாத்துக்குவான்."

"அல்லாஹ் பாத்துத்தான் அந்தத் தம்பிய அனுப்புனான். அந்தத் தம்பியும் ஊரோட வந்துட்டாரு. இன்னும் எத்தன பேர அனுப்பணும் உங்களுக்கு?"

"டாக்டர்ட்ட ஒரு வார்த்தை சொன்னா, பெறவு என் மூஞ்சியில முழிக்காத." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். எண்ணும்போது என் மூச்சும் சேர்ந்து நின்றது.

திங்கட்கிழமை கேப்புக்கு அளவெடுக்கும் நாள். டாக்டர் ஒரு தட்டில் மாவை அப்பி இவர் வாய்க்குள் வைத்து அழுத்தினார். "அஞ்சு நிமிஷம் அசையக் கூடாது, பேசக் கூடாது."

அந்த ஐந்து நிமிடம் போதும் எனக்கு.

"டாக்டர், போன தடவ நான் பொய் சொன்னேன்" என்றேன். இவர் கண் உருண்டது. தொண்டைக்குள் என்னமோ உறுமினார். நான் நிறுத்தவில்லை. குறட்டையை, கயிற்றை, லாரியை, எல்லாவற்றையும் கொட்டினேன். "இவுஹ கோவப்படட்டும், பேசாமக் கெடக்கட்டும். எங்க வாப்பா வீட்டுச் சோறு தீந்துபோயிடாது. எனக்கு ஆளு வேணும் டாக்டர்."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "கேப் இருக்கட்டும், முதல்ல ஸ்லீப் டெஸ்ட். மூச்சடைப்பு கம்மியா இருந்தா கீழ்த்தாடையை முன்னால இழுத்துப் பிடிக்க ஒரு பிளேட்டு நானே செஞ்சு தருவேன், அதை மாட்டிக்கிட்டுத் தூங்கலாம். அதிகம்னா மூச்சுக்கு மெஷின் இருக்கு. ஆனா வியாழக்கிழமை பயணம் நடக்காது." பேனாவை எடுத்தார். "மூச்சு எத்தனை விநாடி நிக்கும்?"

உண்மையான கணக்கு நாக்கு நுனிவரை வந்தது எனக்கு. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு சொன்ன பிறகும் மனசு கேட்கவில்லை.

"இருவது... இருவது இருக்கும்."

நாற்காலியிலிருந்து அவர் கை மேலே எழும்பியது. வாயை மூடு என்கிறார் என்றுதான் நினைத்தேன். கட்டைவிரலை உள்ளே மடக்கி, நான்கு விரலை டாக்டரிடம் காட்டினார்.

"நாப்பதா?" என்று டாக்டர் கேட்டார்.

அவர் விரலை இறக்கவில்லை. வாய் நிறைய மாவோடு கிடந்தவருக்குக் கண்ணீர் கண்ணோரம் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. நான் அவர் கால்மாட்டுக்குப் போய் அந்தப் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.