நல்லதண்ணி வாளி

சூசையம்மாவுக்கு யூலிற்றாவைப் பிடிக்காது. இதை அவள் வாய் திறந்து ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே முல்லைத்தீவுக் கரையில் அந்தக் குடியிருப்பின் நாற்பது வீட்டுக்கும் அது தெரியும். யூலிற்றா அவளுடைய புருசனின் தம்பி இராயப்புவின் பெண்சாதி. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. பிள்ளை குட்டி இல்லை. குரலை உயர்த்திக் கதைக்க மாட்டாள். அவள் வைக்கிற மீன்குழம்பை ஊரே புகழும். ஒருத்தியை வெறுக்க இவ்வளவு போதாதா?

போதாதுதான். உண்மையான காரணம் பிலோமினா. சூசையம்மா பெற்ற ஒரே மகள், தவழத் தொடங்கிய நாளிலிருந்தே வேலியில் ஓட்டையாய் இருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து குஞ்சியம்மா யூலிற்றா வீட்டுக்குப் போய்விடுவாள். தலை பின்னுவது அங்கே. காய்ச்சல் வந்தால் படுப்பது அங்கே. புருசன் கிறகோரியின் வலைக் கிழிசலைப் பொத்துவதும் கருவாடு காயப்போடுவதுமாய்க் கிடந்த சூசையம்மா, "போனால் போகட்டும், எனக்கும் கை ஆறும்" என்றுதான் முதலில் நினைத்தாள். பிள்ளை விழுந்து முழங்கால் உரஞ்சுப்பட்டபோது "அம்மா" என்று கத்தாமல் "குஞ்சியம்மா" என்று கத்திய அன்றுதான் சுருக்கென்றது. அதற்குப் பிறகு அந்தப் பொட்டை எத்தனை தரம் அடைத்தும் பயனில்லை. பிள்ளை வாசல் கடப்பைச் சுற்றிக்கொண்டு போனாள்.

அறுபத்துமூன்றாம் ஆண்டு ஆவணியில் பிலோமினாவுக்குக் கலியாணம் என்று முடிவாயிற்று. அதுவரை அந்தக் கரையில் பெண்பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலிருந்து வாங்கிவந்த காகிதப் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் போவார்கள். அந்த வருசம் கன்னியர் மடத்துக்குப் புதிதாக வந்த சிஸ்ரர் ஒருவர், சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட மண்டபத்தில் பெண்களுக்குப் பூச்செண்டு கட்டப் பழக்கப்போவதாகச் சுவாமியார் பூசையில் அறிவித்தார். முதல் ஆளாய்ப் பேர் கொடுத்தவள் சூசையம்மா. என் பிள்ளை பீடத்துக்கு முன்னால் பிடிக்கிற பூவை நான்தான் கட்டுவேன், படத்தில் விழப்போகிற பூ என் கையால் கட்டினதாய் இருக்கும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை யூலிற்றாவும் வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"அக்கா, நானும் பழகலாமெண்டு வந்தனான்."

"வா, வா. ஆர் வேண்டாமெண்டது?" என்றாள் சூசையம்மா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன சொல் அது.

சிஸ்ரர் சொன்னவை விளங்கச் சுகமானவை. கீழ் இலைகளை உரித்துவிட வேண்டும். காம்பைத் தண்ணீருக்குள் வைத்துச் சரிவாக வெட்ட வேண்டும். நடுவில் ஒரு பூவை நிறுத்தி, மற்றப் பூக்களை ஒவ்வொன்றாய்ச் சாய்த்து வைத்து, செண்டைக் கைக்குள் திருப்பித் திருப்பி ஒரே இடத்தில் நூல் சுற்ற வேண்டும். "எல்லாத்துக்கும் மேல நல்லதண்ணி," என்றார் சிஸ்ரர். "உங்கட முத்தத்துக் கிணத்துத் தண்ணி பூவுக்கு ஆகாது. உப்புப் பட்டா பூவுக்கும் தாகம்தான் கூடும்." கரைச் சனத்துக்கு இதை இரண்டாம் தரம் சொல்லத் தேவையில்லை. அங்கே வீட்டுக் கிணறுகளெல்லாம் உவர். குடிக்க ஒரு குடம் அள்ளுவதென்றால் கோயிலடிக் கிணற்றுக்குத்தான் நடக்க வேண்டும்.

விளங்கியது மூளைக்கு. கைக்கு விளங்க வேண்டுமே! சூசையம்மாவின் விரல்களுக்குத் தெரிந்த முடிச்சு வலை முடிச்சு ஒன்றுதான். போட்டால் சுறா இழுத்தாலும் அவிழாது. அலரிப் பூவில் பழகும்போது அதே முடிச்சை அதே இழுவையில் போட்டாள். காம்புகள் மளுக்கென்று முறிந்து பூக்கள் மடியில் விழுந்தன.

"சூசையம்மா, பூவின்ர கழுத்தை நெரிக்காதேங்கோ," என்று சிஸ்ரர் சிரித்தார். மண்டபமே சிரித்தது.

யூலிற்றாவோ நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, விரலால் மெல்ல அணைத்துவிடுவாள். அவ்வளவுதான். பூக்கள் செடியில் நின்றது போலவே அவள் கைக்குள்ளும் நின்றன. மூன்றாம் சனிக்கிழமை சிஸ்ரர் அவளுடைய செண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். சூசையம்மா தன் நூலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டுக்குப் போய் வேலியில் நின்ற நித்தியகல்யாணி முழுவதையும் பிடுங்கி, பொழுது படும்வரை கட்டிக் கட்டி அவிழ்த்தாள். பத்தில் நாலு தேறியது.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது பிலோமினா தாயின் பக்கத்தில் வந்து குந்தினாள். "அம்மா, கோவிக்காதேங்கோ. எனக்குக் குஞ்சியம்மா கட்டட்டும். நீங்கள் தோழிப் பிள்ளைக்குக் கட்டுங்கோவன்."

"ஓம், அதுக்கென்ன," என்றாள் சூசையம்மா. கையிலிருந்த கருவாட்டை நாலு தரம் திருப்பிப் போட்டாள். முடிவில் அது முதல் கிடந்த பக்கமே கிடந்தது.

வெள்ளை ரோசாப் பூக்களை மலைநாட்டு மடமொன்றிலிருந்து சிஸ்ரர் எடுப்பித்திருந்தார். ரயிலில் மாங்குளம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் குலுங்கி, கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் பெட்டி வந்து சேர்ந்தது. சூசையம்மா வீட்டுக் கூரையோடு இறக்கிய சாய்ப்பில், யூலிற்றாவின் பூவுக்கு ஒன்றும் சூசையம்மாவின் பூவுக்கு ஒன்றுமாய் இரண்டு வாளி வைத்தார்கள். யூலிற்றா குந்தியிருந்து காம்பு வெட்டினாள். "தண்ணியை நான் ஊத்திறன்," என்றாள் சூசையம்மா.

ஒரு குடம் நல்லதண்ணி தன் வாளிக்கு ஊற்றினாள். இரண்டாவது குடத்தைத் தூக்கியவள் அப்படியே நின்றாள். வீடு நிறைய ஆட்கள், தேத்தண்ணிக்கு வேண்டும், இன்னொரு நடை கோயிலடிக்குப் போக இடுப்பில் பலமில்லை என்று தனக்குத்தானே ஆயிரம் காரணம் சொன்னாள். பத்தடியில் முற்றத்துக் கிணறு இருந்தது. ஆவணி வெயிலில் வற்றி, அடித்தண்ணி கடலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அதை அள்ளி யூலிற்றாவின் வாளியில் ஊற்றினாள். காரணமெல்லாம் பொய் என்று அவளுக்கே தெரியும்.

விடிய எழுந்து சாய்ப்புக்குப் போனபோது அவள் வாளியில் பூக்கள் நிமிர்ந்து நின்றன. மற்ற வாளியில் ஒவ்வொரு பூவும் தலையைத் தொங்கப்போட்டு, இதழ் ஓரமெல்லாம் மண்ணிறமாகிக் கிடந்தது. யூலிற்றா அதற்கு முன்னால் குந்தியிருந்தாள். பிலோமினாவும் நாலைந்து அயல் பெண்களும் சுற்றி நின்றார்கள். இப்போது கேட்பாள், இப்போது தண்ணியைப் பற்றிக் கேட்பாள் என்று சூசையம்மா பதில்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தாள்.

யூலிற்றா கேட்கவில்லை. எழுந்து சேலையை உதறினாள். "பிள்ளை பெறாதவள்ர கை. கலியாணப் பூவைத் தொட்டிருக்கக் கூடாது. அக்காவின்ர பூ நல்லாயிருக்கு, அக்காவே கட்டட்டும்." அயல் பெண்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி "அதுவும் சரிதான்" என்று முணுமுணுத்தாள். யூலிற்றா வேலிப் பொட்டுக்குள்ளால் போய்விட்டாள்.

நினைத்தது நடந்துவிட்டது. சூசையம்மா பூக்களை எடுத்துக் கட்டத் தொடங்கினாள். முதல் பூ முறிந்தது. இரண்டாவது முறிந்தது. மூன்றாவதும் முறிந்தபோது, மிச்சமிருந்தது மணப்பெண் செண்டுக்கு மட்டுமட்டாகத்தான் போதும் என்று கண்டாள். "அதுவும் சரிதான்" என்ற அந்தச் சொல் வேறு காதுக்குள் நின்று குத்தியது. பூக்களை மடியில் கட்டிக்கொண்டு பொட்டுக்குள்ளால் நுழைந்தாள். பதினெட்டு வருசத்தில் அந்த வழியால் அவள் போனது அன்றுதான் முதல் தரம்.

"ராசி கீசி எண்டு என்னடி கதை? இந்தா, கட்டு."

"நான் தொடமாட்டன் அக்கா."

"உன்ர கையில பிழையில்லை. தண்ணியிலதான் பிழை."

"தெரியும் அக்கா," என்றாள் யூலிற்றா. "விடிய பூவுக்குத் தண்ணி தெளிக்கேக்க வாயில பட்டது."

"தெரிஞ்சுகொண்டே ஏன் அப்பிடிச் சொன்னனி?"

"கலியாண நாளில பிள்ளை உங்களை ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டா, அது சாகுமட்டும் நிக்குமெல்லோ."

வேறொருத்தியாக இருந்தால் அந்த இடத்தில் காலில் விழுந்திருப்பாள். சூசையம்மாவுக்கு வந்தது கோபம். பூவில் தோற்றாயிற்று, பிள்ளையில் தோற்றாயிற்று, கடைசியில் நல்லவள் என்ற பேரும் இவளுக்கேயா? "வாயை மூடிக்கொண்டு கட்டு," என்றாள். யூலிற்றா கட்டினாள். சூசையம்மா காம்புகளைப் பிடித்துக்கொண்டு, அந்த விரல்கள் நூலை எங்கே நிறுத்துகின்றன என்று கண் வெட்டாமல் பார்த்தாள். ஒரு பூவும் முறியவில்லை.

இருவருமாய்ச் செண்டைக் கொண்டு போனபோது பிலோமினா வெள்ளைச் சேலையில் கண்ணாடிக்கு முன்னால் இருந்தாள். "ஐயோ, என்ன வடிவு! ஆர் கட்டினது?"

"உன்ர அம்மாதான்," என்றாள் யூலிற்றா, நிலத்தைப் பார்த்தபடி.

சூசையம்மாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "பொய்! கட்டினது அவள். ராசியுமில்லை, ஒரு மண்ணுமில்லை. நேற்று அவளின்ர வாளிக்கு முத்தத்துக் கிணத்துத் தண்ணியை ஊத்தினது நான். எல்லாரும் கேளுங்கோ, நான்தான்!" அயல் பெண்களுக்கும் கேட்கட்டும் என்றே கத்தினாள். அப்படிக் கத்தவைத்தது மனச்சாட்சியா எரிச்சலா என்று அவளுக்கே தெரியாது.

பிலோமினா தாயைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்தது. "ஏனம்மா?" என்றாள்.

"என்ர பிள்ளையின்ர பூவை நான் கட்டவேணுமெண்டு ஆசைப்பட்டனான்." என்றாள் சூசையம்மா.

பிலோமினா முகத்தைத் துடைத்தாள். பூச்செண்டைக் குஞ்சியம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, மடித்து வைத்திருந்த தலை நெற் முக்காட்டை எடுத்துத் தாயிடம் நீட்டினாள். "கோயிலுக்கு நேரமாகுது. அம்மா, நீங்கள் வந்து குத்திவிடுங்கோ. இறுக்கிக் குத்தாதேங்கோ."

சூசையம்மா மகளின் தலையில் கை வைத்தாள். அந்தத் தலைமயிர் இவ்வளவு மெல்லியது என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. முதல் ஊசியை மெதுவாக, வெகு மெதுவாகக் குத்தினாள். நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் யூலிற்றா தெரிந்தாள். கதவடியில் செண்டைப் பிடித்தபடி, பிலோமினாவின் தலையில் இருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைச் சூசையம்மாவுக்கு நன்றாகத் தெரியும். பதினெட்டு வருசமாக வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தானே பார்த்த பார்வை அது.

"நிண்டு பாக்காமல் வாடி," என்றாள் சூசையம்மா. "மற்றப் பக்க ஊசியை நீ குத்து."