நான்காம் லெவலின் வடபுறம்

2001 ஆகஸ்டு ஒன்பதாம் நாள், பாலகாட்டுப் பக்கத்தில் கைவிடப்பட்ட சாய்வுத் தங்கச் சுரங்கத்தின் வாயருகே காங்கிரீட் பலகைகள் வந்து இறங்கின. திங்கட்கிழமை வாயை அடைத்துவிடுவார்களாம். எங்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உள்ளே வௌவால்கள் வாழ்கின்றன. பெங்களூரிலிருந்து வந்த ஆய்வாளர் ஸ்வப்னா, எட்டு வௌவால்களின் முதுகில் பட்டாணியினும் சிறிய ரேடியோக்களை ஒட்டியிருந்தாள். அவற்றின் சமிக்ஞையை வாங்கும் கருவிகளைக் கயிற்றில் கட்டிச் சரிவில் இறக்கி, எவ்வளவு ஆழத்தில் உறங்குகின்றன, எத்திசையில் திரும்புகின்றன என்று இரண்டு மாதம் குறித்தாள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் தெரியக் கண்ணாடித் தாள்களை அடுக்கி வரைபடம் செய்தாள். ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியனான என் வீட்டு மேசையில்தான் அதை விரித்தாள். வௌவால்கள் வடக்கே திரும்பும் இடத்தில், 'இருநூற்று எண்பது அடி, மூன்றாம் லெவலுக்குச் சற்று மேல்' என்று எழுதியிருந்தாள்; சரிவிலிருந்து பக்கவாட்டில் வெட்டிய ஒவ்வொரு தளமும் ஒரு லெவல்.

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றியிறக்கும் கேஜை முப்பதாண்டு ஓட்டிய தங்கவேலு அதைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாம்மா, பாறைக்குள்ள லெவல் போட்டுக்கீறே? கயிறு எவ்ளோ விட்டே?"

"நானூறு அடி, அங்கிள். சரிவைக் கழிச்சா நேர் ஆழம் இருநூத்தி எண்பதுதான்."

"நாங்க எங்க கழிச்சோம்? சரிவோட நூறு அடிக்கு ஒரு லெவல். இது நாலாவது லெவல்மா."

சொன்ன பிறகே அவர் என்னைப் பார்த்தார்; சிரிப்பு நின்றது.

1971இல் ஏர் பிளாஸ்டில் பாறை வெடித்துச் சரிந்தபோது, என் தம்பி வரதன் நான்காம் லெவலின் வடபுறத்தில் இருந்தான். எலி நுழையவும் இடமின்றி மூடிவிட்டது என்று அதிகாரி ஒருவர் அறிவித்தார். மூன்றாம் நாள் தேடலை நிறுத்தினார்கள். உடல் வரவில்லை. அவன் மனைவி பார்வதம்மா இன்றுவரை திதி கொடுக்க விடவில்லை.

மோர் கொண்டுவந்த அவள் தம்ளர்களை வைக்காமலே கேட்டாள்: "அப்போ உள்ள காத்து கீதா?"

ஸ்வப்னா வரைபடத்தில் வடக்கே திரும்பும் கோட்டின் மேல் விரலை வைத்தாள். "வௌவால் போற அளவுக்கு வழி இருக்கு, ஆன்ட்டி. அன்னிக்கு இருந்துச்சான்னு என்னால சொல்ல முடியாது."

"இன்னிக்கு கீதுல்ல? போதும்."

அன்று முதல் மாலை ஆறரைக்கு அவள் சுரங்க வாயில் போய் நிற்கிறாள். வௌவால்கள் வரும், அவற்றுக்கு முன்பே உள்ளிருந்து குளிர்ந்த காற்று வரும்.

பலகைக்குப் பதில் இறக்கை நுழையுமளவு இடைவெளியுள்ள கம்பிகளைப் பொருத்த வேண்டுமென்று மனு எழுதியிருக்கிறேன். இதைப் படித்தவுடன் மனுவில் கையெழுத்திட வேண்டாம். ஞாயிறு மாலை வாருங்கள். பார்வதம்மாவின் பக்கத்தில், அவளோடு பேசாமல் நில்லுங்கள். அவளுடைய முந்தானை அசைவதைப் பார்த்த பின் கையெழுத்திடுங்கள்.